உப்புக்கு மட்டும் கீறிய கொப்பி

ஒழுங்காகக் குறிப்பு எழுதுகிறவன் பொய் சொல்வதில்லை. எழுதாமல் விடுவான், அவ்வளவுதான். இதை என் ஐம்பத்திரண்டாவது வயதில், வெள்ளவத்தையில் ஒரு டொக்டரின் அறையில், மனைவியின் முன்னிலையில் கற்றுக்கொண்டேன்.

பிரஷர் கூடியிருக்கிறது, இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது என்றார் டொக்டர். அவருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். "உப்பைக் கொஞ்சம் குறையுங்கோ அங்கிள். மூண்டு மாதத்தால பாப்பம். சீனி கூடினா குளிசை தொடங்குவம்."

குளிசை எனக்கு முதுமையின் நியமனக் கடிதம். அதைத் தவிர்க்க எதையும் செய்யத் தயாராக இருந்தேன் (குறைவாகச் சாப்பிடுவதைத் தவிர).

'கொஞ்சம்' என்பது அளக்க முடியாத சொல். ஆகவே உப்பை முற்றாக நிறுத்தினேன். எனக்கு மட்டும் நிறுத்தினால் இரண்டு சட்டியில் கறி வைக்கவேண்டும் என்பதால் வீட்டுக்கே நிறுத்தினேன். உப்புப் போத்தல் என் அலுமாரிக்குள் பூட்டப்பட்டது. சீ.ஆர். கொப்பியொன்றில் நிரல்கள் கீறினேன்: திகதி, காலைப் பிரஷர், மாலைப் பிரஷர், உப்பு. கடைசி நிரலில் தினமும் 'இல்லை' என்று எழுதுவதில் துறவியின் சுகம் இருந்தது.

இரண்டாம் வாரம் என் மனைவி சுகந்தி ஒரு வாய் வைத்துவிட்டுக் கேட்டாள்: "இது பருப்பே, இல்லாட்டி பருப்புக் கழுவின தண்ணியே?" மகள் அலுவலகத்திலேயே சாப்பிட்டுவிட்டு வரத் தொடங்கினாள். நான் மட்டும் தளரவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. பிரஷர் இறங்கியிருந்தது. சீனி ஏறியிருந்தது.

இணையத்தில் தேடினேன். உப்பை அளவுக்கு மீறிக் குறைத்தால் சிலருடைய உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காமல் போகலாம் என்று ஓரிடத்தில் இருந்தது. அப்படியானால் குற்றவாளி நானல்ல, டொக்டர். கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுகந்தியைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உப்புக் குறைந்த உடலில் ஹோர்மோன்கள் படும் பாட்டை, அதைப் படித்துப் பட்டம் வாங்கியவருக்கே பத்து நிமிடம் விளக்கினேன். வரைபடமும் காட்டினேன், இரண்டு நிறத்தில்.

"அப்பிடி ஒரு கதை இருக்குத்தான் அங்கிள். ஆனா நான் கொஞ்சம் குறைக்கத்தானே சொன்னனான்" என்றபடி அவர் பக்கங்களைப் புரட்டினார். "உப்பில்லாத சோறு எப்பிடி இறங்கினது? வேற என்ன சாப்பிட்டனீங்கள்?"

"வேற ஒண்டுமில்லை" என்றேன்.

"பனங்கட்டி" என்றாள் சுகந்தி.

அவளுடைய தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து குட்டான் என்கிற சின்ன ஓலைப் பெட்டிகளில் கொண்டுவருவது. சப்பென்ற ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பிளேன்ரீயோடு ஒரு கடி (ஒன்றல்ல). சீனி என்பது கடையில் வெள்ளையாக விற்பது, பனங்கட்டி எங்கள் மண்ணின் மருந்து என்று மனதார நம்பியிருந்தேன், மைத்துனரிடமும் அப்படியே சொல்லியிருந்தேன். கொப்பியில் அதற்கு நிரலும் இல்லை.

"எவ்வளவு அன்ரி?"

"ரெண்டு நாளைக்கு ஒரு குட்டான். வெறுங் குட்டானைக் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சு வைக்கிறவர். கூட்டிறது நான்தானே."

மருந்தை ஏன் ஒளிக்கவேண்டும் என்று மூன்று மாதமும் என்னை நானே கேட்டதில்லை.

டொக்டர் சிரிக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. "அப்ப உப்பில பழி போடேலாது அங்கிள்" என்று மெதுவாகச் சொல்லி, குளிசையை எழுதினார். வெளியே வந்ததும் காலி வீதியின் முதல் கடையிலேயே சுகந்தி ஒரு பக்கற் உப்பு வாங்கினாள்.

குளிசை இன்றும் இரண்டு நேரம். மைத்துனர் இன்னும் குட்டான்களோடுதான் வருகிறார். வாசலில் வைத்தே சுகந்தியிடம் நீட்டி, "அக்கா, மண்ணின்ர மருந்து. அத்தானுக்கு இப்ப இருக்கிற சீனி வருத்தம் காணாதெண்டா மட்டும் குடுங்கோ" என்கிறார். எல்லோரும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிக்கிறார்கள். இதுவரை பதினொரு தடவை. திகதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.