டாக்டரம்மா சொல்லி நான் சுற்றிய ஆடிச்சுற்று

என் வாழ்நாளில் நான் நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன் ஒன்றே ஒன்று. அதுவும் பொய்.

சங்கரன்கோவிலில் ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் நாற்பது வருடம் டீக்கடை வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன். (எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் வடை மடித்த பேப்பரில்தான். அதனால் எந்தச் செய்தியும் எனக்குப் பாதிதான் தெரியும்.) ஆனால் ஞாபகசக்திக்குக் குறைவில்லை. பனவடலிசத்திரத்திலிருந்து வருகிற ஆட்டு வியாபாரிக்குச் சீனி கம்மி. அவர் தம்பிக்குச் சீனியே ஆகாது. அந்தத் தம்பியின் மச்சானுக்கு டீயில் ஆடை மிதக்க வேண்டும், மிதக்காவிட்டால் கிளாஸைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த மச்சான் கல்யாணத்துக்குப் போய் நான் செருப்பைத் தொலைத்தது தனிக்கதை. இருக்கட்டும்.

வயதாகிவிட்டது, போதும் என்று மகன் கடையை மூடச் சொன்னான். மூடினேன். அதோடு என் வாயும் மூடிக்கொண்டது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஒன்றிலும் மனசு ஒட்டாது. காரணமே இல்லாமல் கண் கலங்கும். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிய வழியப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாற்பது வருடம் பால் காய்ச்சியவன்! அதைக் கண்டதும் என் மனைவி சண்முகத்தாய் பயந்துபோனாள். திருநெல்வேலியில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். மருமகளிடம்கூடக் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகத்தான் சொன்னாள்.

டாக்டரம்மா எல்லாம் விசாரித்துவிட்டு, "ஐயா, கடையில நாள் பூரா நடந்துக்கிட்டே இருந்தீங்க. இப்ப எத்தனை தடவை எந்திரிக்கீங்க?" என்று கேட்டார்.

"சாப்பிட எந்திரிப்பேம்மா."

உடம்பு நடந்தால் மூளைக்கு ரத்தம் நன்றாகப் போகும், மனசு லேசாகும், தூக்கம் வரும், ஞாபகமும் தெளியும் என்றார். மாத்திரை கொஞ்சம், நடை நிறைய. தினமும் காலையில் முக்கால் மணி நேரம்.

எங்கே நடப்பது? ரோட்டில் நடந்தால் பார்க்கிறவனெல்லாம் "சுகரா அண்ணாச்சி?" என்பான். அப்போது அம்மன் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. நேர்ந்துகொண்டவர்கள் நூற்றியெட்டு, ஐநூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று கோவிலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நடந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? இரண்டு நாள் யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கை தோளில் விழுந்தது. திரும்பினால் சம்பந்தி. குருவிகுளத்தில் விவசாயம் பார்க்கிறவர், என் மருமகளைப் பெற்றவர்.

"என்ன சம்மந்தி, ஆடிச்சுத்தா? சொல்லவே இல்லியே. எத்தன நேந்திருக்கிய?"

மனசு சரியில்லை என்று பெண் கொடுத்தவரிடம் எப்படிச் சொல்வது? மாமனாருக்குப் பைத்தியமாம் என்று குருவிகுளம் முழுக்கப் போய்விடும். மருமகள் பிறந்த ஊரில் தலைகாட்ட முடியாது. அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஐநூத்தி ஒண்ணு."

(நூற்றியெட்டு என்று சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை.)

"அடேயப்பா! இந்த வயசுலயா? தபசு வரைக்கும் நான் ஒங்க வீட்லதான இருக்கப் போறேன். தனியா விடுவனா? நானும் வாரேன்."

மறுநாள் ஐநூற்றொரு புளியமுத்தை எண்ணி மஞ்சப்பையில் கொண்டுவந்தார். ஒரு சுற்றுக்கு ஒரு முத்து. ஏற்கெனவே மூன்று நாள் சுற்றியதைச் சொல்லிப் பார்த்தேன்.

"அதுக்கு முத்து இல்லல்லா? கணக்குல வராது" என்றுவிட்டார்.

காலையில் போனால் மதியம்தான் வீடு. பாதம் வெந்து அப்பளமாகிவிட்டது. சண்முகத்தாய் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "முக்கா மணி நேரம்னுதான டாக்டரம்மா சொன்னாவ? உள்ளதச் சொல்லித் தொலைங்களேன்."

"ஒன் மருமக அப்பன்ட்டயா? நீயே போய்ச் சொல்லு." அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். படுத்தால் தூக்கம் வந்தது. பசித்தது. பேச்சும் வந்துவிட்டது. நடக்க நடக்க ஒவ்வொரு வாடிக்கைக்காரராக ஞாபகத்துக்கு வர, அத்தனை பேர் டீயையும் சம்பந்திக்குச் சொன்னேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது சுற்றில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. கோபுரத்துக்கு முன்னால் ஒருத்தி விரித்திருந்த பொரிகடலைக் குவியல் மேல் சாய்ந்தேன். கூட்டம் கூடிவிட்டது.

"எந்திரிங்க சம்மந்தி! பாதியில விட்டா குடும்பத்துக்கு ஆகாது" என்று சம்பந்தி கையைப் பிடித்து இழுத்தார்.

"முடியல..."

"ஏலே, ரெண்டு பேரு இங்கன வாங்க! தூக்குங்க! தூக்கிக்கிட்டே சுத்துவோம்!"

முன்பின் தெரியாத நாலு பேர் அலேக்காகத் தூக்கினார்கள். வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வழியெல்லாம் ஜனங்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒரு அம்மா காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"எறக்குங்கவே! நேர்ச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல! எனக்கு மனசு சரியில்ல. மனநல டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருக்காவ!"

இறக்கிவிட்டார்கள். (கொஞ்சம் வேகமாகவே.) எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அப்புறம் கூட்டம் கலைந்தது. சம்பந்தி மட்டும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கதை முடிந்தது, மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த டாக்டரம்மா என்னைக்கெல்லாம் பாப்பாவ?"

"எதுக்குக் கேக்கிய?"

"வெதச்சது பூரா கருகுன வருசத்துல இருந்து எனக்கும் ஒண்ணும் ஓடல சம்மந்தி. மகட்ட சொல்லல. இங்கன வந்து சுத்துன இந்த ஒரு வாரமாத்தான் சோறு ருசிக்கி. அம்மன் குடுத்ததுன்னுல்லா நெனச்சேன்?"

"அம்மனும்தான் குடுத்திருப்பா" என்றேன்.

அடுத்த முறை, வீட்டில் எல்லோரிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டு, இரண்டு பேருமாகவே டாக்டரம்மாவிடம் போனோம். முந்நூற்றுப் பன்னிரண்டு என்று கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "முக்கால் மணி நேரம்! முக்கால் மணி நேரம்!" என்று இரண்டு தடவை சொன்னார். ஆளுக்கு ஒரு தடவை போல.

இப்போது தினமும் நடக்கிறேன், அளவாக. சம்பந்தி அவர் ஊரில் நடக்கிறார். எங்கள் வீட்டில் யாராவது நாற்காலியை விட்டு எழாமல் இருந்தால் மருமகள் கேட்பது ஒன்றுதான்: "எந்திரிக்கியளா, நாலு பேர விட்டுத் தூக்கச் சொல்லவா?"

போன வாரம் சம்பந்தி போன் பண்ணினார். தூறலாக இருக்கிறது, இன்றைக்கு நடக்கப் போகவில்லை என்றார். குரல் பழையபடி இறங்கியிருந்தது. மருமகள் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"எப்பா, எந்திரிக்கியளா, நாலு பேர விட்டுத் தூக்கச் சொல்லவா?"

அந்தப் பக்கம் குடை விரிகிற சத்தம் கேட்டது.