துண்டு மதினி பிடித்து வைத்த இடம்

திருநெல்வேலியில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு ரவுடி, கட்சிக்காரர், காளி வேஷம் கட்டியவர் என்று எல்லாரையும் எழுந்து நிற்க வைத்தவர் துண்டு மதினி ஒருவர்தான். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் ஆத்துப்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பஸ் ஸ்டாப்பில் வந்து விசாரிக்கலாம். அங்கே நிற்பவர்கள் என்னைவிடக் கூட்டிச் சொல்வார்கள்.

மதினிக்கு என்று ஒரு பேர் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. ஸ்டாப்பை ஒட்டிக் கூடை வைத்துக் கொய்யாப்பழம் விற்றார். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தோளில் எப்போதும் துண்டு. என்னைப்போலக் கடைக்குப் போகும் பிள்ளைகள், காலேஜ் பிள்ளைகள், கண்டக்டர்கள் எல்லாருக்கும் அவர் மதினிதான், அதாவது அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் யார் என்று யாரும் கேட்டதில்லை. ஒருத்தன் மட்டும் கேட்டான். "நீதாம்ல என் கொழுந்தன். போயி மதினிக்கு ஒரு டீ வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். அவனும் வாங்கி வந்தான்.

நான் எட்டாவதோடு நின்றவள். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிற வேலை. எங்கள் கடையில் உட்கார ஸ்டூல் உண்டு. அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்பார். அதனால் யாரும் உட்கார்வதில்லை. சாயங்காலம் ஸ்டாப்புக்கு வரும்போது என் கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். எங்கள் ஊர் சீவலப்பேரிப் பக்கம். அங்கே போகும் டவுன் பஸ் நினைத்த நேரத்துக்குத்தான் வரும்.

ஸ்டாப்பில் நிழற்குடை உண்டு, நீளமாக ஒரு இரும்பு பெஞ்சும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதில் ஆம்பளைகள் படுத்திருப்பார்கள். இல்லையென்றால் சீட்டு ஆடுவார்கள். பொம்பளைகள் எல்லாரும் நிழற்குடைக்குப் பின்னால், சாக்கடைப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்போம். மேலே 'பெண்கள் அமரும் இடம்' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தில் தலையைச் சாய்த்துத்தான் ஒருத்தர் தினமும் தூங்குவார்.

நம்ம ஊரில் ஒரு பழக்கம் உண்டு, தெரியும்தானே. கூட்டமான பஸ் வந்தால் ஜன்னல் வழியாகத் துண்டைத் தூக்கி சீட்டில் போடுவோம். துண்டுக்காரர் இன்னும் படிக்கட்டிலேயே தொங்கிக்கொண்டிருப்பார். ஆனாலும் அந்த சீட்டில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் கொலை விழும். மதினி இந்தச் சட்டத்தை பஸ்ஸிலிருந்து இறக்கி பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுவந்தார்.

"போர்டு எழுதி வச்சிருக்காவள்லா, ஒரு பய படிக்கானா? துண்டு கெடந்தா மட்டும் தள்ளி நிப்பான். அவனுக்குத் தெரிஞ்ச பாசையிலதாம்ட்டி சொல்லணும்" என்றார் என்னிடம்.

காலையில் வந்ததும் பெஞ்சு முழுக்கத் துண்டு போட்டுவிடுவார். எல்லாம் விதவிதமான துண்டுகள். கல்யாண வீட்டில் கொடுத்தது, கோயிலில் கட்டியது, பொதுக்கூட்டம் முடிந்து மேடைக்குக் கீழே கிடந்தது. எல்லாக் கட்சித் துண்டும் அவரிடம் இருந்தது. அதை எப்படிப் போடுவார் தெரியுமா? ஒரு கட்சிக்காரர் வழக்கமாக உட்காரும் இடத்தில் அடுத்த கட்சித் துண்டைப் போடுவார். அவர் அதைத் தொடவும் மாட்டார், அதன் பக்கத்தில் நிற்கவும் மாட்டார்.

வயிற்றுப்பிள்ளைக்காரி வந்தால் ஒரு துண்டு எழும். கம்பு ஊன்றி ஒரு தாத்தா வந்தால் ஒரு துண்டு எழும். நான் வந்தால், "வாட்டி, காலு வீங்கினவளே" என்று ஓரத்துத் துண்டை எடுப்பார். நடு இடம் மட்டும் மதினிக்கு. நல்ல சிவப்புக் கரைத் துண்டு ஒன்று அங்கே கிடக்கும். காற்று வரும் இடம், வெயில் விழாத இடம்.

"ஊருக்கெல்லாம் எடம் பிடிக்கியே மதினி, நல்ல எடத்த நீயே வச்சுக்கிட்டியே?" என்று கேட்டேன்.

"பின்ன? நான் என்ன தியாகியா? எனக்கும் இடுப்பு வலிக்குல்லா."

எங்கள் ஸ்டாப்புக்கு சுந்தரி அக்கா என்று ஒரு திருநங்கை வருவார். சமையல் வேலைக்குப் போகிறவர். அவர் வந்தால் எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து நிற்பார்கள். ஒருநாள் மதினி அவரைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு வெடுக்கென்று எழுந்தார்.

மதினி கையெடுத்துக் கும்பிட்டார். "நல்ல மனசு தாயி ஒனக்கு. பிள்ளைக்காரி ஒருத்தி நிக்கா பாரு, அவளுக்காவ எந்திரிச்சிட்டியே. ஏட்டி, வா, இந்த மகராசி எடம் குடுக்கா."

அந்த அம்மாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. எல்லாரும் அவரையே நன்றியோடு பார்த்தோம். மறுநாள் அவரே சுந்தரி அக்காவிடம், "சாம்பாருக்குப் பெருங்காயம் முதல்லயே போடணுமா, கடைசியிலயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தசரா நேரத்தில் குலசை அம்மன் கோயிலுக்கு மாலை போட்டவர்கள் வேஷம் கட்டி வருவார்கள். ஒரு காளி, நாக்கைத் தொங்கப்போட்டு, சூலத்தோடு நேராக வந்து துண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. ஸ்டாப்பே கன்னத்தில் போட்டுக்கொண்டது. மதினியும் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டே, "தாயே, துண்டு கெடக்கு" என்றார்.

காளி குனிந்து பார்த்தது. நாக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மன்னிச்சிக்கோங்க மதினி, பாக்கல" என்று எழுந்து நின்றது. வண்ணார்பேட்டைப் பக்கம் வெல்டிங் வேலை பார்க்கிற அண்ணாச்சி அது.

இதையெல்லாம்விடப் பெரிய கூத்து பைக்குகாரர்கள் கதை. சாயங்காலம் ஸ்டாப்புக்கு முன்னால் பைக்கைக் குறுக்கே நிறுத்தி, அதிலேயே சாய்ந்து நின்று பொம்பளைப் பிள்ளைகளை முறைத்துப் பார்க்கும் ஒரு கூட்டம் இருந்தது. ஒருநாள் அதில் ஒருத்தன் சிகரெட் வாங்கப் போன நேரம், மதினி அவன் பைக் சீட்டில் ஒரு துண்டைப் போட்டுவிட்டார். அவன் திரும்பி வந்து பார்த்தான். துண்டு கிடந்தது.

"மதினி, இது யாரு துண்டு?"

"வருவாவ. நில்லு."

நின்றான்! சொந்த பைக்குக்குப் பக்கத்தில், துண்டுக்காரர் வரட்டும் என்று நல்ல பிள்ளையாக நின்றான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவன் கூட்டாளி, "ஏலே, வண்டி ஒன்னதுல்லா?" என்று ஞாபகப்படுத்தினான். அந்தச் சிரிப்பில் போனவர்கள்தான், அப்புறம் அந்தக் கூட்டம் எங்கள் ஸ்டாப்பில் நிற்கவே இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் யாரோ எங்கள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள், ஸ்டாப்பில் பயலுகள் நிற்கிறார்கள், விளக்கும் எரியவில்லை என்று. அப்பா இல்லாத வீடு. என் அண்ணன்தான் எல்லாம். "நாளைல இருந்து நீ வேலைக்குப் போவாண்டாம்" என்று சொல்லிவிட்டான். அந்த வேலை போனால் எனக்கு வீட்டுச் சுவரும் அடுப்பும்தான். மதினியிடம் சொல்லி அழுதேன்.

"அழாதட்டி. முதல்ல வெளக்கப் பாப்போம். ஒங்கண்ணனப் பொறவு பாப்போம்" என்றார்.

மறுநாள் இருட்டுகிற நேரம், எரியாத டியூப்லைட் இருந்த கம்பத்துக்கு மாலை போட்டார். எங்களையெல்லாம் சுற்றி உட்கார வைத்து, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். "எங்கள இருட்டுல விட்டுட்டுப் போனியே ராசா, ஒனக்கு வயசு என்ன ஆச்சு ராசா!" சுந்தரி அக்கா கூடச் சேர்ந்து பாடினார். பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது. ஒரு பெரியவர் இறங்கி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "யாரும்மா தவறிட்டாவ?" என்று கேட்டார். மதினி மேலே கையைக் காட்டினார். "இவருதான் அண்ணாச்சி. ரொம்ப நாளா படுக்கையில கெடந்தாரு."

யாரோ செல்போனில் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். துக்கம் முடிவதற்குள் ஏணியோடு ஆள் வந்து, இறந்தவரை எழுப்பிவிட்டுப் போனார்கள்.

அப்புறம் என் அண்ணனை வரச் சொன்னார். ஒரு சாயங்காலம் வந்து மீசையைத் தடவிக்கொண்டே உட்காரப் போனான். "லே, துண்டு கெடக்கு. பைய அங்கன நில்லு" என்றார் மதினி. பஸ் வரும்வரைக்கும் நின்றான். வெளிச்சத்தில் பொம்பளைகள் பூக் கட்டிக்கொண்டும் சத்தமாகச் சிரித்துக்கொண்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். வீட்டுக்குப் போகும் வழியில், "அந்தப் பெஞ்சு இருக்க வரைக்கும் நீ போலாம்" என்றான். அவன் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிசு.

அந்தப் பெஞ்சுக்குத்தான் ஆபத்து வந்தது. ஸ்டாப்புக்குப் பின்னால் புதிதாகச் செல்போன் கடை வைத்த அண்ணாச்சிக்கு, நிழற்குடை அவர் போர்டை மறைக்கிறதாம். பெஞ்சில் கண்டவர்களும் உட்கார்கிறார்கள் என்று கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போட்டார். பெஞ்சையும் குடையையும் எடுக்க ஆள் வரப்போகிறார்கள் என்று தெரிந்தபோது மதினி ஸ்டாப்பில் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். சர்க்கரை கூடி, கால் புண் ஆறாமல் சேர்த்திருந்தார்கள். போகும்போது துண்டெல்லாம் வைத்திருந்த துணிப்பையை என்னிடம் கொடுத்திருந்தார். "நான் வாரது வரைக்கும் தெனமும் போடு."

அன்றைக்குக் காலையில் லாரியும் இரும்பு அறுக்கிற மெஷினும் வந்து நின்றபோது நான் எல்லாத் துண்டையும் போட்டு முடித்திருந்தேன். முந்தைய பஸ் அப்போதுதான் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. பெஞ்சில் ஒரு ஆள் இல்லை.

வேலைக்காரர்கள் இறங்கி வந்தார்கள். பெஞ்சைப் பார்த்தார்கள். அப்படியே நின்றுவிட்டார்கள்.

"என்னவே நிக்கீரு? அறுங்க" என்றார் கூட வந்த ஆபீசர்.

"சார், துண்டு கெடக்கு."

"எடுத்துப் போடும்வே."

"ஆளு வந்திரட்டும் சார். இல்லாட்டி சண்டை ஆயிரும்."

ஆபீசர் கோபமாக வந்து கையை நீட்டினார். அங்கே ஒரு கட்சித் துண்டு கிடந்தது. கையை இழுத்துக்கொண்டு அடுத்ததைப் பார்த்தார். அது இன்னொரு கட்சி. என்னிடம் திரும்பினார்.

"யாரும்மா இது?"

"ஓரத்துல உள்ளது எனக்கு சார். அது சுந்தரி அக்காவுக்கு."

"மத்தது?"

மதினி சொல்வதையே சொன்னேன். "வருவாவ சார்."

"யாரு வருவா?"

"யாருன்னு தெரியாது. ஆனா வருவாவ."

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்தது. எக்ஸ்ரே கவரைக் கையில் பிடித்தபடி ஒரு ஆச்சி, மூச்சு வாங்க இறங்கினார். அவரை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. நான் ஒரு துண்டை எடுத்தேன். ஆச்சி உட்கார்ந்து, "அப்பாடா" என்றார். பின்னாலேயே கைப்பிள்ளையோடு ஒருத்தி. இன்னொரு துண்டு. ஆபீசர் ஆச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீதித் துண்டுகளைப் பார்த்தார். அப்புறம் வேலைக்காரர்களைப் பார்த்து, "சரி, துண்டுக்கு ஆளு வந்து எந்திரிச்ச பொறவு வருவோம்" என்று சொல்லி லாரியில் ஏறிவிட்டார்.

எங்கள் துண்டுக்கு ஆள் வருவது நிற்கவே இல்லை. அதனால் அவர்களும் வரவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். வார்டுக்கு வெளியே நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் ஒரு துண்டு கிடந்தது. எனக்காகப் பிடித்து வைத்திருந்தாராம். மதினி கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார், கட்டில் ஆடுகிற அளவுக்கு. "என் நடு எடத்துல ஒருத்தரும் உக்காரலல்லா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "நல்லதுட்டி" என்றார்.

அந்த வாரம் போய்விட்டார்.

டியூப்லைட்டுக்கு அப்படி அழுத எனக்கு, மதினிக்கு ஒப்பாரி வைக்க வாய் வரவில்லை. சுந்தரி அக்காதான் பாடினார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். யாரோ நாற்காலி போட்டார்கள். உட்காரவும் தோன்றவில்லை.

பிறகும் நான் தினமும் துண்டு போட்டேன். நடு இடத்தில் சிவப்புக் கரைத் துண்டு. அதில் யாரும் உட்காரவில்லை. கூட்டம் நெருக்கினாலும் இரண்டு பக்கமும் ஒடுங்கி உட்கார்ந்தார்களே தவிர, அதை ஒருத்தர் தொடவில்லை. சிலர் அதற்குப் பூக்கூட வைத்தார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆறுதலாக இருந்தது.

போன வாரம் ஒரு பிள்ளை வந்தது. காலேஜில் புதிதாகச் சேர்ந்திருக்கும் போல. ஒரு காலில் மாவுக்கட்டு, கக்கத்தில் கட்டை. மற்ற இடம் எல்லாம் நிறைந்திருந்தது. அது துண்டைப் பார்த்தது, பூவைப் பார்த்தது, தூணில் சாய்ந்து நின்றுகொண்டது. வெயில் அதன் முகத்தில் அடித்தது. எனக்கு மதினி சத்தம் காதில் கேட்டது. 'ஏ சவத்து மூதி, நான் செத்துட்டேன், எனக்கு எதுக்குட்டி காத்து?'

பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். துண்டை எடுத்தேன்.

"யாரும் வாராவளாக்கா?" என்று அந்தப் பிள்ளை கேட்டது.

"நீதான் வந்துட்டியே. உக்காரு."

அன்றைக்குப் பஸ் காலியாக வந்தது. ஏறுவதற்கு முன்னால் ஜன்னல் வழியாக சிவப்புக் கரைத் துண்டை ஒரு சீட்டில் போட்டுவிட்டு, ஏறி அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊர் வரைக்கும் எடுக்கவில்லை. காலி பஸ்ஸில் எதற்கு இடம் பிடித்தாய் என்று மதினி பார்த்தால் ஏசுவார்.

ஏசட்டும். கேட்கத்தான் ஆசையாக இருக்கிறது.