டிபன் கேரியருக்குப் பின்னால் ஓர் ஓட்டம்

இனிமேல் ஆபீஸ் முடிந்து ரயிலை விட்டு இறங்கினால் வீடு வரைக்கும் ஓட்டம்தான் என்று எண்பத்து நான்காம் வருஷம் தை மாதம் சபதம் செய்தேன்.

விழுப்புரத்து டாக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்து, “மூச்சு வாங்கும்வரை ஓடுங்க. வாங்கினா நடங்க. தெளிஞ்சதும் மறுபடி ஓடுங்க. அவங்கவங்க உடம்புக்குத் தகுந்த மாதிரி” என்று சொல்லியிருந்தார்.

என் உடம்புக்குத் தகுந்தது துரைக்கண்ணுவின் சைக்கிள் ரிக்‌ஷா. திண்டிவனம் ஸ்டேஷனில் ஏறுவேன். தெருமுனையில் இறங்குவேன். குழாய்த் தண்ணீரைச் சட்டையில் தெளித்துக்கொண்டு, கடைசி நான்கு வீட்டைப் புயலாகக் கடப்பேன்.

ஒரு சனிக்கிழமை என் மனைவி சாந்திமதி என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“ஏங்க, நெஞ்செல்லாம் வேர்த்திருக்குது. முதுகு காஞ்சிக்கினு இருக்குதே?”

“காத்து பின்னாலேர்ந்து அடிச்சுது.”

“அப்படியா?” என்றாள். அவ்வளவுதான். சண்டை வராததில் எனக்குப் பரம நிம்மதி.

திங்கட்கிழமை ஸ்டேஷன் வாசலில் ரிக்‌ஷா நின்றது. அதில் சாந்திமதி. மடியில் டிபன் கேரியர்.

“சாப்பாடு இதுலதான் இருக்குது. வீட்டுல ஒண்ணும் இல்ல. ஓடியாங்க.”

“நானும் ஏறிக்கிறேனே!”

“தினம் ஓடறவருக்கு ரிக்‌ஷா எதுக்குங்க? போப்பா, துரைக்கண்ணு!”

நாங்கள் சமணர்கள். சூரியன் மறைந்தபின் சாப்பிடமாட்டோம். திட்டு வாங்க மட்டும் தடையில்லை. மேற்கே சூரியன் இரண்டு பனை உயரத்தில் நின்றது. கேரியரிலிருந்து வேர்க்கடலை வறுத்து அரைத்த மல்லாட்டைத் துவையல் மணத்தது.

சாப்பாடு ஓடியது. நான் துரத்தினேன்.

“அம்மா, சார் நாக்குத் தள்ளிக்கினு வர்றாரு.”

“மெதுவாப் போப்பா. பாவம்.”

நடந்தேன். மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

“ஏய் சாந்தி! இது அக்கிரமம்!”

“பேசறாரு பாரு. தெம்பு வந்துடுச்சு. ஜல்தியா மிதி!”

இப்படியே ஓட்டமும் நடையுமாக ஊரைக் கடந்தோம். டீக்கடைக்காரர்கள் கை தட்டினார்கள். வீட்டை அடைந்தபோது சூரியன் அரைப்பனை உயரத்தில் இருந்தது. இலையில் விழுந்தேன். கடைசிக் கவளம் உள்ளே போனதும் சூரியனும் போயிற்று. அப்பாடா!

வாசலில் சாந்திமதியின் குரல் கேட்டது.

“நாளைக்குச் சார் ஓட வேணாம், துரைக்கண்ணு.”

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

“இன்னிக்கு நல்லாத் தேறிட்டாரு. நாளைக்கு ஒலக்கூர்லேர்ந்து எங்கம்மா வர்றாங்க. நாங்க ரெண்டு பேரும் பின்னாடி குந்திக்கிறோம். வண்டிய அவரு மிதிக்கட்டும்.”