டிரம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா?

இந்த ஒரு தடவையாவது என் பொண்டாட்டியை ஜெயிச்சே தீருறதுன்னு முடிவு பண்ணிட்டேன்! சத்தமா இல்லை, மனசுக்குள்ளதான். சத்தமா முடிவெடுக்கிற வழக்கம் கல்யாணத்தோட போயிடுச்சு.

விஷயம் இதுதான். எங்ககிட்ட ஒரு சின்ன மோட்டார் படகு இருக்கு. அதை வீட்டுலேர்ந்து கடலுக்கு இழுத்துட்டுப் போக ஒரு டிரெய்லர். படகை இறக்கும்போது டிரெய்லர் சக்கரமும் உப்புத்தண்ணியில முங்கும். போன சனிக்கிழமை திரும்பி வரும்போது நடுரோட்டுல பிரேக் கவ்விக்கிட்டு, சக்கரத்துலேர்ந்து குபுகுபுன்னு புகை! பின்னாடி வந்த லாரிக்காரர் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாரு. யாரோ தெரிஞ்சவர்னு நினைச்சு நானும் சிரிச்சுக்கிட்டே கையாட்டினேன்.

மெக்கானிக் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினாரு. "சார், இது டிரம் பிரேக். உள்ள போன உப்புத்தண்ணி லேசுல வெளிய வராது, அங்கேயே தங்கித் துருப்பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் டிரம்மைக் கழட்டி நல்ல தண்ணியில கழுவணும். டிஸ்க் பிரேக்னா திறந்தாப்ல இருக்கும். ஓஸ் பைப்பைப் பிடிச்சுத் தண்ணி அடிச்சா முடிஞ்சுது."

டிஸ்க்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஞாயித்துக்கிழமை பூரா டிரெய்லருக்கு அடியில மல்லாக்கப் படுத்துக் கிடக்கிற பொழைப்பு ஒழிஞ்சுது! ஆனா வீட்டுல சம்மதிக்கணுமே. நான் எதைச் சொன்னாலும் நேர்மாறாச் சொல்றதுதான் அவ பழக்கம். படகுக்கு நீலம் அடிக்கலாம்னேன், மஞ்சளா நிக்குது.

அங்கதான் என் மூளை பளிச்சுனு வேலை செஞ்சுது. டிரம்தான் வேணும்னு நான் அடம் பிடிச்சா, டிஸ்க்தான்னு அவ ஒத்தக்கால்ல நிப்பா! மெக்கானிக் காதுல திட்டத்தைப் போட்டேன். "டிஸ்க் செட்டை எடுத்துத் தயாரா வைங்க. அவ வாயாலேயே சொல்ல வைக்கிறேன் பாருங்க!"

சாயங்காலம் அவ சமையல்கட்டுல வெங்காயம் உரிச்சிட்டிருந்தா. நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுப் போய் நின்னேன்.

"இந்தா பாரு, டிரெய்லருக்கு மறுபடியும் டிரம் பிரேக்தான் போடப்போறேன். யார் சொன்னாலும் கேக்க மாட்டேன்!"

"ஓஹோ."

"டிஸ்க் பிரேக்காம், டிஸ்க்! அதெல்லாம் ஒரு பிரேக்கா? பாக்கவே அம்மணமா நிக்குது."

"சரிங்க."

"டிரம்னா கழட்டலாம், தேய்க்கலாம், கழுவலாம். உடம்புக்கும் எவ்வளவு நல்லது... என்ன சொன்னே?"

"சரின்னேன். டிரம்மே போடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.

"யோசிச்சுச் சொல்லும்மா! நான் சொன்னதும் பொசுக்குனு தலையாட்டிடறதா?"

"புருஷன் ஆசையா கேக்கறாரு. நான் குறுக்க நிக்கலாமா?"

"நில்லேன்! தாராளமா நில்லு! குடும்பம்னா ஒரு எதிர்க்கட்சி வேண்டாமா?"

"வேண்டாம்."

"டிஸ்க்குலயும் நல்லது இருக்குங்கறாங்க..."

"அம்மணமா நிக்குதுன்னீங்க?"

"உன்கிட்ட யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

அவ கத்தியைக் கீழ வச்சா. "மத்தியானம் மெக்கானிக் போன் பண்ணாரு. 'அம்மா, டிஸ்க்தான் வேணும்னு நீங்க இன்னும் சண்டையை ஆரம்பிக்கலையா? கடை மூடறதுக்குள்ள மாட்டணும்'னு அவசரப்படறாரு, பாவம்."

படுபாவி! சொன்னதை அப்படியே ஒப்பிச்சிருக்கான்!

"அப்ப அந்த டிஸ்க் செட்டு?"

"எடுத்து வச்சது வீணாகலாமா? எங்க அண்ணன் டிரெய்லருக்கு மாட்டச் சொல்லிட்டேன்."

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நான் வழக்கம்போல டிரெய்லருக்கு அடியில. மூக்குல துரு, கண்ணுல உப்பு. வாசல்ல மச்சான் கார் ஹாரன் அடிக்குது. பின்னாடி அவர் படகு, பளபளன்னு புது பிரேக். இவ தொப்பி எல்லாம் மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. போறவ நின்னு, குனிஞ்சு, என்னைப் பார்த்து அவ்வளவு அன்பா சொன்னா:

"டிஸ்க் பிரேக்தான் கழுவணும்னு ஆசைப்பட்டீங்களே, மனசு கேக்கலைங்க. சாயங்காலம் அண்ணன் டிரெய்லரையும் இங்கயே கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிட்டேன்."