சூசை மாமா இளவரசியான கதை

வீட்டில் ஒழுங்காக இருக்கும் எதுவும் நாலு பேர் முன்னால் அப்படி இருப்பதில்லை. குழந்தைகளுக்கு இது பொருந்தும், மிக்ஸிக்குப் பொருந்தும், கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் கண்டிப்பாகப் பொருந்தும். நான் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. ராயபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில், பட்டுப்புடவையும் தலைநிறைய மல்லிகையுமாக நின்று கற்றுக்கொண்டேன்.

அப்போது ஜாவா படித்துக்கொண்டிருந்தேன். பெரிய கம்பெனிகளின் இணையதளங்களுக்குப் பின்னால், சர்வரில் ஓடும் புரோகிராம்களை எழுதும் படிப்பு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பாவுக்கு அதில் ஏகப் பெருமை. அண்ணனின் நிச்சயதார்த்தத்தில், பெண் வீட்டார் நடுவே, "எம் பொண்ணு ஜெஸி சர்வர் வேலை படிச்சுகினு கீது" என்று சொல்லிவிட்டார்.

அண்ணியாக வரப்போகிறவளின் பெரியப்பா சூசை மாமா (மாத்தூரில் லாரி வைத்திருப்பவர், மீசையே தனியாக ஒரு லாரி) நிதானமாகக் கேட்டார்: "எந்த ஓட்டல்லம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது. கல்யாணத்தன்று நான் யாரென்று காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் சபதமே போட்டேன். (காட்டினேன். அதுதான் பிரச்சினை.)

வகுப்பில் மற்றவர்கள் நூலகம், மருத்துவமனை என்று புராஜெக்ட் செய்ய, நான் கல்யாண வரவேற்பு செய்தேன். மண்டப வாசலில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்து, பெயரைத் தட்டிப் பொத்தானை அழுத்தினால் போதும். அவரவருக்கென்று நான் எழுதிவைத்த வரவேற்பு அவரவர் போனில் வரும். சூசை மாமாவுக்கு மட்டும் மூன்று தடவை மாற்றி எழுதினேன்: "மீசை ராஜாவே வருக! மாத்தூரின் மாணிக்கமே வருக!" ஒரு பந்தாவுக்காக, பொத்தானை அழுத்தியதும் சர்வர் கொஞ்சம் காத்திருந்து, திரையில் இதயங்கள் பறந்த பிறகே பதில் வரும்படி வைத்தேன். வீட்டில் அம்மா சோதித்தாள், அப்பா சோதித்தார், அண்ணன் சோதித்தான். ஒருவர் மாற்றி ஒருவராக. அற்புதமாக வேலை செய்தது.

கல்யாணத்தன்று வரவேற்பு மேசையில், பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில், என் லேப்டாப். அதுதான் சர்வர். மாத்தூர் வேன் வந்து நின்றது. பெண் வீட்டார் மொத்தமாக இறங்கி, மொத்தமாக ஸ்கேன் செய்து, மொத்தமாகப் பொத்தானை அழுத்தினார்கள். இதயங்கள் பறந்தன. நான் புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பாராட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

சூசை மாமா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு தூரமாகப் பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "குட்டி இளவரசியே வருக! அழாமல் சாப்பிட்டால் ஐஸ்கிரீம் உண்டு" என்றிருந்தது.

அது அவருடைய பேத்தி பிளெஸ்ஸிக்கு எழுதியது. பிளெஸ்ஸிக்கு இன்னும் பால்பல் விழவில்லை.

"மாப்ள வூட்ல கூப்ட்டு வச்சு நக்கல் பண்றீங்களா?" என்றார் மாமா. சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பெண் வீட்டின் சார்பில் வாழ்த்துரை சொல்லவேண்டியவர் அவர். நாங்கள் போர்த்திய சால்வையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டபடியே பின்னால் ஓடினார். மேடையிலிருந்து அண்ணன் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் நான் அவனுக்குத் தங்கையே இல்லை.

என்னோடு படிக்கும் வண்ணாரப்பேட்டை மும்தாஜ் பிரியாணிக்காகவே வந்திருந்தாள். லேப்டாப்பை எட்டிப் பார்த்து, "அடிப்பாவி, பேரை எங்கடி வச்சே?" என்றாள். அப்போதுதான் உறைத்தது. வருகிறவர் பெயரை அவரவருக்குத் தனிச் சீட்டில் எழுதாமல், எல்லோருக்கும் பொதுவான ஒரே பலகையில் எழுதும்படி புரோகிராமில் வைத்திருந்தேன். இதயம் பறந்து முடிவதற்குள் அடுத்தவர் வந்து பலகையை அழித்துத் தன் பெயரை எழுதிவிட, முன்னால் அழுத்தியவருக்குப் பின்னால் அழுத்தியவரின் வரவேற்பு. வகுப்பில் செய்யாதே, செய்யாதே என்று படித்துப் படித்துச் சொன்ன தப்பு அது.

மாமாவுக்குப் பின்னால், அம்மாவின் போனில் அழுத்தியது பிளெஸ்ஸி. மாமாவுக்கு முன்னால் அழுத்தியது அவர் மனைவி. அந்த அத்தை தன் போனை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்: "மீசை ராஜாவே வருக." பிறகு வாசலில் நின்ற கணவரைப் பார்த்துச் சொன்னார்: "வூட்ல மீசை யாருதுன்னு கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சுகீது."

மாமாவின் மீசை ஒரு பக்கம் துடித்தது. கோபம் என்று நினைத்து நான் மேசைக்குப் பின்னால் ஒதுங்கினேன். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன்பின் மண்டபமே தலைகீழாகிவிட்டது. வீடியோக்காரரின் வரவேற்பு பாதிரியாருக்கு, பாதிரியாருடையது கீபோர்டு வாசிப்பவருக்கு. ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு, "என்னுது யார்கிட்ட?" என்று இரண்டு வீட்டாரும் ஒருவர் நாற்காலியை ஒருவர் தேடிப் போனார்கள். நிச்சயதார்த்தத்தில் பக்கத்துக்கொரு சுவர்போல உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள்தானா என்றிருந்தது. மும்தாஜ் அதற்குள் பெயரை இடம் மாற்றிச் சரிசெய்துவிட்டாள். ஆனால் சரியான வரவேற்பு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

மாமா மைக்கைப் பிடித்து, "மாத்தூர் இளவரசி பேசறேன்" என்று ஆரம்பித்தார். வாழ்த்துரை முடிய வெகுநேரம் ஆயிற்று. பிறகு பிளெஸ்ஸியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐஸ்கிரீமும் சாப்பிட்டார்.

இன்று நான் ஒரு கம்பெனியில் அதே சர்வர் வேலைதான் பார்க்கிறேன். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துகிறார்கள், யாரும் யாராகவும் மாறுவதில்லை. குடும்பத்தில் அதை நம்ப ஆளில்லை. போன மாதம் அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம். கோயில் வாசலில் கூட்டம் தேங்கி நின்றது. என்னவென்று எட்டிப் பார்த்தேன். சூசை மாமா படியில் நின்று, கையை நீட்டி எல்லோரையும் மறித்துக்கொண்டிருந்தார்.

"ஜெஸி வந்துகினு கீது. ஒவ்வொருத்தரா உள்ள போங்க. போன தபா கும்பலா போய்த்தான் நான் பொண்ணாயிட்டேன்."