மதிய ரீங்காரம்

அந்த ரீங்காரத்துக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கவும் அவர் தயார். விற்பவர் யார் என்றுதான் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகும் நேரம் பார்த்து அது வரும். தேன்கூட்டைப் பஞ்சில் சுற்றி யாரோ தலைமாட்டில் வைத்ததுபோல இருக்கும். அறை லேசாக மிதக்கும். அது இல்லாத வேளையில் அவருக்குத் தூக்கம் குதிரைக்கொம்பு.

அவரும் மனைவியும் ஒரு மருந்துக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே புள்ளியியல் பார்ப்பவர்கள். மேஜை ஒன்று, கட்சி இரண்டு.

"ஒண்ணொண்ணா கழிச்சுட்டே வரேன். மிஞ்சறதுதான் ஆளு," என்றார் அவர்.

ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டுப் படுத்தார். ரீங்காரம் வந்தது. ஃபிரிட்ஜ் நிரபராதி, பால் திரிந்தது. மறுநாள் தண்ணீர் மோட்டார். அதுவும் நிரபராதி, தொட்டி காலி. ஃபேனை நிறுத்தி வேர்வையில் நனைந்தபடி கிறங்கினார். அப்போதும் வந்தது.

"பட்டியல்ல யாருமே மிஞ்சலை."

"விட்டா வீட்டையே கழிச்சுடுவீங்க," என்றாள் மனைவி. "எதையும் அடியோட தள்ளாதீங்க. ரெண்டு ரெண்டா தராசுல வைங்க. அந்தச் சத்தத்துக்கு எது அதிகமாப் பொருந்துது? மோட்டாரைவிட ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜைவிட ஃபேன்."

"நிறுத்தினப்பவும் கேட்டுச்சே."

"தூக்கக் கலக்கத்துல கேட்டது அரைச் சாட்சி. இருக்கறதுல ஃபேன்தான் மேல்."

"நொண்டிக் குதிரைங்களுக்குள்ள ஜெயிச்சா பந்தயக் குதிரை ஆயிடுமா?"

"உங்ககிட்ட அந்த நொண்டியும் இல்லையே."

தலைமாட்டில் இன்னொரு ஃபேன் வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு படுத்தார். ஜலதோஷம் வந்தது, ரீங்காரம் வரவில்லை.

அடுத்து, கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று ஒரு வாரம் மதியமெல்லாம் கண்ணை விழித்துச் சுவரில் காதை ஒட்டி உட்கார்ந்தார். வீடே மூச்சை அடக்கிக்கொண்டது. தூக்கம் கெட்டதில் அறிக்கையில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறி, காய்ச்சல் மருந்து பத்து மடங்கு வேலை செய்தது. இன்னொரு தடவை நடந்தால் வேலை போகும் என்றார் மேலதிகாரி.

"இன்னிக்குத் தூங்கலேன்னா நான் காலி," என்று முனகினார்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. துணிக்கடையை மூடிவிட்டு மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் மாமனார், கண்ணெல்லாம் சிவந்து நின்றார்.

"மாப்பிள்ளை, கண்ணசரும்போது நீங்க ஒரு ராகம் இழுப்பீங்களே, அதை ஏன் நிறுத்திட்டீங்க? அதைக் கேட்டாத்தான் எனக்கும் தூக்கம் வரும். உங்க கணக்கு எப்படியோ, என் கணக்குல ஒரு வாரத் தூக்கம் பாக்கி நிக்குது."