ஓட்டை அடைத்த கோட்டை

மக்களுக்காக, மக்களிடமிருந்தே காப்பாற்றப்பட்ட கோட்டை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் ஊர் ஆற்றங்கரையில் இருக்கிறது. இப்போது அதன் பெயர் 'பொதுமக்கள் பூங்கா'.

அதன் மதிலில் ஒரு ஓட்டை இருந்தது. எந்தக் காலத்திலோ படையெடுத்து வந்த எதிரி பீரங்கியால் பிளந்தது. ஊரே அதன் வழியாகத்தான் ஆற்றுக்கு இறங்கும். ஏழு மணி ஷிஃப்டுக்கு அக்கரை மில்லுக்குப் போகிறவர்கள் குனிந்து உள்ளே நுழைந்தால், மதில் இல்லாத ஆற்றுப் பக்கத்தில் படகுக்காரர் துடுப்போடு காத்திருப்பார். அவருடைய பிழைப்பே அந்த ஓட்டையில்தான் இருந்தது.

பூங்காக் குழு பதினொரு முறை கூடி, பதினொரு முறை தேநீர் குடித்து, 'மதிலின் மாண்பை மீட்பது' என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. ஓட்டை அடைபட்டது. பூச்சு அவ்வளவு நேர்த்தி, பல்லிகூட வழுக்கி விழுந்தது. மில்காரர்கள் ஊரைச் சுற்றி பஸ்ஸில் போகத் தொடங்கினார்கள்.

படகுக்காரர் மனுவோடு பூங்கா அதிகாரியைப் பார்த்தார்.

"சார், ஆத்துக்குப் போற வழிய அடைச்சிட்டீங்களே!"

"வழியா? அது சேதம்யா. முன்வாசல் வழியா வாங்க. பத்து மணிக்குத் திறப்போம்."

"மில்லு ஏழு மணிக்கு சார்."

"பத்து மணிக்குத்தான் காத்து நல்லா வரும்."

"துடுப்பையும் உள்ள விட மாட்டேங்கிறாங்க."

"ஆயுதத்தோட கோட்டைக்குள்ள எப்படிய்யா விடுறது?" என்றார் அதிகாரி. வரலாறு படித்தவர்.

ஆனாலும் குழுவுக்கு ஈர நெஞ்சு. பன்னிரண்டாம் முறையும் கூடியது. மறுநாள் படகுக்காரர் பத்து மணிக்காக வாசலில் காத்திருந்தபோதே, உள்ளே அவர் படகைக் கரையேற்றி, நீல வர்ணம் அடித்து, புல்தரையில் சிமெண்ட் போட்டு நட்டுவிட்டார்கள். 'பாரம்பரியப் படகு. தொடாதீர்கள்.' எதிரே ஒரு பெஞ்சு. அதில் தினமும் உட்கார்ந்து படகைப் பார்த்துக்கொள்ள அவருக்கு எழுத்துபூர்வ அனுமதியும் கிடைத்தது. அவருக்கு வயிறு எரிந்தது. அதற்குத் தடை எதுவும் இல்லை.

திறப்பு விழாவில் மேயர் முழங்கினார்: "முந்நூறு வருஷத்துல ஒரே ஒரு எதிரிதான் இந்த மதிலை உடைச்சான். அந்தக் களங்கத்தையும் இன்னிக்குத் துடைச்சிட்டோம்!"

கைதட்டல் அதிர்ந்தது. பெஞ்சில் கை கட்டி உட்கார்ந்திருந்த படகுக்காரரிடம் அதிகாரி குனிந்தார்.

"நீங்களும் தட்டுங்க. உங்க பூங்காதானே?"

"தட்டுறேன் சார், அந்த எதிரிக்கு. அவன் ஒருத்தன்தான் எங்களுக்கு வழி விட்டுட்டுப் போனான்."